தாய்ப் பத்திரம் பீரோவில் இருந்தது

“மாப்ள, நீ போட்ட புது டிஸ்க் செத்துப் போச்சாம்டா” என்று மாமா போனில் சொன்னபோது நான் கிளாம்பாக்கத்தில் மயிலாடுதுறை பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். 2024 அக்டோபர். அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை, விஜயதசமி சனிக்கிழமை. வியாழனுக்கு ஒரு லீவு போட்டால் நான்கு நாள் தேறும் என்று கணக்குப் போட்ட கூட்டம் மொத்தமும் புதன் ராத்திரி அங்கேதான் நின்றது. இரைச்சலில் மாமா பேசியதில் பாதி விழவில்லை. ‘போச்சாம்’ என்பதில் இருந்த அந்த ‘ஆம்’ மட்டும் தெளிவாகக் கேட்டது. அவராகச் சொல்லவில்லை, யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் பத்துக்குப் பத்து அறை. ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், முத்திரைத்தாள் வைக்கும் தகரப் பெட்டி, அப்புறம் அந்த லேப்டாப். 2014-ல் வாங்கியது. மூடியில் போன வருட ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம், ரத்து என்று வகைக்கொரு மாதிரிப் பத்திரம் அதில் இருக்கிறது. எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தவை, யூனிகோடுக்கு மாற்றாதவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பைதான் தெரியும். அதனால் “ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுக்கலாம் சார்” என்று யாராவது சொன்னால், “வீட்டை இடிச்சுட்டுக் கட்டிக்கலாம் சார்” என்று சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

அதே ‘ஃபார்மேட்’ வேலையை அந்த மே மாதம்தான் நான் செய்து முடித்திருந்தேன். எழுத்துருக்கள், பிரிண்டருக்கான டிரைவர், அவர் பழகிய விசைப்பலகை அமைப்பு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்க இரண்டு முழு நாள் ஆனது. மறுபடி அதைச் செய்ய எனக்கும் தெம்பில்லை.

மே மாதத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த லேப்டாப்பில் இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், மேலே ஒரு முள் அதைப் படிக்கும். பொத்தானை அழுத்தினால் வேலைக்குத் தயாராக 11 நிமிடம். மாமா அழுத்திவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். இதில் டிஸ்க்கைக் குறை சொல்லி லாபமில்லை, அது அப்படித்தான். 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். முள் நகரும் நேரம் தனி. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தட்டின் மூலைக்கு மூலை போய்ப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது, அந்தக் காத்திருப்பு மில்லிசெகண்டில் ஒரு துணுக்காகிவிடுகிறது. எஸ்எஸ்டிப் பெட்டியில் செகண்டுக்கு 550 எம்பி வேகம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பழைய லேப்டாப் உயிர் பெறுவது அந்த எண்ணால் அல்ல, இந்தக் காத்திருப்பு ஒழிவதால்.

சென்னை ரிச்சி தெருவில் 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க் இணைப்பிலேயே மாட்டுகிற வகை, ஒன்று வாங்கினேன். பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைப்பு. ஆனால் 500 ஜிபி என்பது 500,107,862,016 பைட். 480 ஜிபி என்பது 480,103,981,056 பைட். பெரிய பானைத் தண்ணீரைச் சின்னப் பானையில் ஊற்ற வேண்டுமானால் முதலில் டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளைச் சுருக்க வேண்டும். அதற்குப் பதில் புதிதாகவே விண்டோஸைப் போட்டுவிடலாம், பத்து வருடக் குப்பையும் ஒழியும் என்று முடிவு செய்தேன். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்தப் பொந்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை வைக்க ஒரு தட்டு விற்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் தமிழ் வாயில் ‘கேடி’ என்றுதான் வருகிறது. கடையில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். “ஒரு கேடி குடுங்கண்ணே.” பெயரைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எஸ்எஸ்டியை உள்ளே மாட்டினேன். பழைய டிஸ்க் கேடியில். இரண்டும் இருக்கும்போதே பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 10-ஐப் போட்டேன். 25 செகண்டில் எழுந்தது. மாமா அன்று வந்த கட்சிக்காரர்களுக்கெல்லாம் ஒரு தடவை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினார். அவர் கோப்புகள் முழுவதையும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, பழைய டிஸ்க் ஒரு பாதுகாப்புப் பிரதியாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

அக்டோபரில் ஒரு கட்சிக்காரர் பழைய வீட்டு வரைபடத்தை சிடியில் கொண்டு வந்திருக்கிறார். சிடி போட லேப்டாப்பில் இடம் இல்லை. பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் கொடுத்து, கேடியைக் கழற்றி டிவிடி டிரைவை மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறார் மாமா. மாட்டினார்கள். அதற்கப்புறம் கறுப்புத் திரையில் ஒரே வரி: நோ பூட்டபிள் டிவைஸ், அதாவது தொடங்க டிஸ்க் இல்லை. கடைப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு “எஸ்எஸ்டி அவுட்டு, புதுசு போடணும்” என்று சொல்லிவிட்டான். மாமா காசு கொடுக்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “மாப்ள வரட்டும்.”

வியாழன் காலை குளித்துவிட்டு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை மூன்று பத்திரம் பதிய வேண்டும், மூன்றின் வரைவும் அதற்குள்ளே.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பயாஸுக்கு, அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் முதல் நிரலுக்கு, டிஸ்க் தெரிகிறதா? பொத்தானை அழுத்தியதும் எஃப்2 தட்டி உள்ளே போனேன். எஸ்எஸ்டியின் பெயர், மாடல் எண், 480 ஜிபி எல்லாம் அழகாக இருந்தது. அங்கேயே கடைப் பையன் தீர்ப்பு பாதி அடிபட்டுப் போனது. ஹார்ட் டிஸ்க் சாகும்போது கடகடவென்று சத்தம் போட்டு, ஊரைக் கூட்டிச் சாகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். செத்தவன் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல மாட்டான்.

பெயரே வரவில்லை என்றால் அது வேறு கதை. என் நண்பன் ஒருவன் லேப்டாப்பில் எம்.2 பொந்து இருக்கிறது என்று பார்த்து, எம்.2 எஸ்எஸ்டி வாங்கி மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது, பயாஸில் மட்டும் வரவே இல்லை. எம்.2 என்பது உருவத்தின் பெயர், மொழியின் பெயர் அல்ல. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு குச்சிகளில் ஒன்று சாட்டா பேசும், மற்றது அதைவிட வேகமான என்விஎம்ஈ பேசும். ஓரத்தில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்ஈ. சில பொந்துகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றைத்தான் ஏற்கும். அவன் வாங்கியது சாட்டா, பொந்து எதிர்பார்த்தது என்விஎம்ஈ. இதற்கு எந்த மென்பொருள் வைத்தியமும் கிடையாது. கடைக்காரர் மனசு வைத்து மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு.

மாமா லேப்டாப்பில் அந்தச் சிக்கல் இல்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி, கையோடு கொண்டு போயிருந்த யுஎஸ்பி கேபிளில் என் லேப்டாப்போடு இணைத்தேன். எல்லாக் கோப்பும் இருந்தது. ‘2024 செட்டில்மென்ட்’ என்ற ஃபோல்டரைத் திறந்து காட்டியதும் மாமா முகத்தில் ரத்தம் திரும்பியது. முதல் வேலையாக அவர் கோப்புகளை மொத்தமாக என் லேப்டாப்புக்கு நகல் எடுத்தேன். அதற்குப் பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. ஐந்து மாதக் குழந்தை, காய்ச்சல்கூட இல்லை.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, கோப்பு இருக்கிறது, பயாஸுக்கும் தெரிகிறது. ஆனால் பூட் ஆகவில்லை. மத்தியானத்திலிருந்து ராத்திரி ஒரு மணி வரை நான் செய்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னால் எனக்குத்தான் மானக்கேடு. பூட் வரிசையை மாற்றினேன். பயாஸைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினேன். நாணய பேட்டரி தீர்ந்திருக்குமோ என்று பார்த்தேன், கடிகாரம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. சாட்டா அமைப்பு வழக்கமான ஏஎச்சிஐ முறையில் இருக்கிறதா, ரெய்டுக்கு மாறிவிட்டதா என்று பார்த்தேன், சரியாக இருந்தது. தொடங்கும் முறை ‘லெகசி’, அதாவது பழையது, என்று இருந்ததைப் புதிய யூஇஎஃப்ஐ முறையையும் சேர்த்து ‘இரண்டும்’ என்று மாற்றி வைத்தேன். கனெக்டரைத் துணியால் துடைத்து மறுபடி மாட்டினேன், இதை ஏழெட்டுத் தடவை. பென் டிரைவில் விண்டோஸைக் கொண்டு வந்து தானாகப் பழுது பார்க்கச் சொன்னேன். சுற்றிச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, என்னால் ஆகாது என்று கையை விரித்தது.

இவ்வளவுக்கும் நடுவில் டிவிடி டிரைவ் என் கண்ணெதிரேதான் இருந்தது. கேடி போய் அது வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பழைய டிஸ்க் வெறும் பிரதி, அது இருந்தால் என்ன, போனால் என்ன என்று மனசில் எழுதி மூடி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் லேப்டாப்பைக் காணோம். கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பத்திர நோட்டுகளின் மேல், புதுச் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அரிவாள்மனை, மாமாவின் பேனா, தையல் மிஷின் கத்தரிக்கோல். என் ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்கும் அத்தை பொட்டு வைத்திருந்தார். “நாளைக்கு மறுபூஜை முடிஞ்சு எடுத்துக்கோப்பா, இன்னிக்குக் கருவி எதையும் தொடக் கூடாது.” அவ்வளவுதான். பொரியையும் கடலையையும் கையில் அள்ளிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

செய்ய ஒன்றுமில்லாததால் ஒரு பழைய பத்திர வரைவின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தேன். பொத்தானை அழுத்தியதும் என்னென்ன நடக்கிறது? பழைய லெகசி முறையில் பயாஸ் விழித்துக்கொண்டு, மெமரி, கீபோர்டு எல்லாம் சரியா என்று ஒரு ரோந்து போகும். பிறகு பூட் வரிசைப்படி ஒவ்வொரு டிஸ்க்கிலும் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். எத்தனை ஜிபி டிஸ்க்காக இருந்தாலும் அதற்குத் தெரிந்தது அந்த 512 பைட்தான். முதல் 446 பைட்டில் குட்டியாக ஒரு நிரல் இருக்கும். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற முத்திரை இருக்க வேண்டும். இடையில் 64 பைட்டில் ஒரு அட்டவணை: டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம். ஒரு பகுதிக்கு 16 பைட், ஆக நான்கே பகுதி. 1983-ல் டாஸ் 2.0 காலத்தில் போட்ட ஏற்பாடு. அன்றைக்குப் பத்து எம்பி ஹார்ட் டிஸ்க்கே பெரிய சொத்து.

மாமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, செக்குபந்தியா எழுதுற?”

ஒரு விதத்தில் செக்குபந்தியேதான், பத்திரத்தில் வரும் நான்கெல்லை விவரம் மாதிரி. ஆனால் எல்லை மட்டும் போதாது. ஒவ்வொரு பகுதிக்குமான 16 பைட்டில் முதல் பைட் 80 என்று இருந்தால் ‘இங்கிருந்து தொடங்கு’ என்று பொருள், 00 என்றால் வெறும் இடம். ஆக்டிவ் பகுதி என்பது இதைத்தான். அந்தப் பகுதிக்குள் பூட்எம்ஜிஆர் என்ற கோப்பும், பிசிடி என்ற பதிவேடும் இருக்கும். விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வது அந்தப் பதிவேடு. விண்டோஸ் தன் இடத்தில் முழுசாக இருக்கலாம், இந்த மூன்று படி இல்லாவிட்டால் அதன் வாசலைக் காட்ட ஆளில்லை.

விண்டோஸ் 7 காலத்திலிருந்து இந்தக் கோப்புகளை வழக்கமாக ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்ற தனிக் குட்டிப் பகுதியில் வைக்கிறார்கள். அப்போது 100 எம்பி, விண்டோஸ் 10-ன் பல பதிப்புகளில் 500 எம்பியை ஒட்டி. அதற்குச் சாதாரணமாக டிரைவ் எழுத்து கிடையாது, அதனால் கண்ணில் படாது. படத்தில் எஸ்எஸ்டிக்கு ஒரு கட்டம் போட்டு, உள்ளே அந்தக் குட்டிக் கட்டத்தையும் போடப் போனேன். பேனா நின்றுவிட்டது. நேற்று யுஎஸ்பியில் இணைத்துப் பார்த்தபோது எஸ்எஸ்டியில் ஒரே ஒரு பகுதிதான் இருந்தது. குட்டியைக் காணோம்.

அப்போதுதான் மே மாதத்துக் காட்சி ஒன்று திரும்ப வந்தது. காலி டிஸ்க்கில் விண்டோஸ் போடும்போது, புதுப் பகுதி உருவாக்கச் சொன்னால், கணினிக் கோப்புகளுக்காகக் கூடுதல் பகுதிகளை உருவாக்கலாம் என்று ஒரு பெட்டி வந்து சம்மதம் கேட்கும். அன்று அந்தப் பெட்டி வரவில்லை. ஒரு கிளிக் மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஏன் வரவில்லை? பழைய டிஸ்க்கில் ஆக்டிவ் பகுதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இருக்கிற வாசல் போதும், இன்னொன்று எதற்கு என்று நிறுவி தன் பூட் கோப்புகளை அங்கேயே எழுதிவிட்டு, விண்டோஸை மட்டும் எஸ்எஸ்டியில் இறக்கியிருக்கிறது. ஐந்து மாதமும் ஒவ்வொரு காலையும் அந்த லேப்டாப் கேடியில் இருந்த கிழட்டு டிஸ்க்கைத் தட்டி எழுப்பி, வழி கேட்டுக்கொண்டுதான் எஸ்எஸ்டிக்கு வந்திருக்கிறது. கடைப் பையன் கேடியைக் கழற்றினான், வழி சொல்கிறவர் போய்விட்டார்.

“மாமா, அந்தப் பழைய டிஸ்க் இப்ப எங்க?”

“பேப்பர்ல சுத்திக் குடுத்தான். பீரோவுல இருக்கு. ஏன்?”

எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுச் சொன்னேன்: “புது வீட்டுக்குக் குடி வந்தாச்சு மாமா. ஆனா தாய்ப் பத்திரம் பழைய வீட்டுலயே இருக்கு.”

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “தாய்ப் பத்திரம் இல்லாம எப்படிடா கிரயம் பண்ணுன?”

நாற்பது வருடத் தொழில் அனுபவம் உள்ளவர் கேட்ட கேள்வி. என்னிடம் பதில் இல்லை. முந்தின நாள் முழுக்க அந்தக் கடைப் பையனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து, கடலையை மென்றுகொண்டு தெருவைப் பார்த்தேன். பீரோ பத்தடி தூரத்தில் இருந்தது. திறந்து டிஸ்க்கை எடுக்கலாம், அது பூஜையில் இல்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவர் பூஜையில் இருக்கிறது. மறுநாள் வரை காத்திருந்தேன்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்து அத்தை கற்பூரம் காட்டிய சூட்டோடு லேப்டாப்பைத் திருப்பிப் போட்டேன். ஊகம் சரிதானா என்று பார்க்க முதலில் கேடியையே மாட்டினேன். அழுத்தினேன், எழுந்துவிட்டது. ஒரு மாற்றமும் செய்யாமல், 25 செகண்டில். மாமா கைதட்டினார். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் எல்லாம் எழுதியே வைத்திருக்கிறது: பழைய டிஸ்க்கின் குட்டிப் பகுதிமேல் ‘சிஸ்டம், ஆக்டிவ்’, எஸ்எஸ்டிமேல் ‘பூட்’. இந்தப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. பூட் கோப்புகள் இருக்கிற பகுதிக்கு ‘சிஸ்டம்’ என்று பெயர், சிஸ்டம் இருக்கிற பகுதிக்கு ‘பூட்’ என்று பெயர். தலைகீழ். எஸ்எஸ்டிமேல் ‘பூட்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று மே மாதத்திலேயே நான் ஏமாந்திருக்க இதுவும் ஒரு காரணம்.

“அதான் வந்துடுச்சே, அப்படியே விட்டுடு மாப்ள” என்றார் மாமா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஓடுகிற வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலிலும் பழமொழி மாதிரிதான். ஆனால் காதை வைத்துக் கேட்டால் பழைய டிஸ்க்கில் இடையிடையே ‘டிக்’ என்று ஒரு சத்தம். பத்து வருடம் ஓடிய டிஸ்க். அது போகிற அன்று எஸ்எஸ்டியும் கூடவே போனது போலத்தான் தெரியும். யாராவது ஒருவர் ‘ஃபார்மேட்’ என்பார்.

சரி, வேலை. முதலில் கேடியைக் கழற்றி வெளியே வைத்தேன். மே மாதத்திலேயே செய்திருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். விண்டோஸ் போடுகிற டிஸ்க் தவிர மற்ற எதுவும் லேப்டாப்பில் இருக்கக் கூடாது. இரண்டு திருகாணி, ஒரு நிமிடம்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்து, நிறுவும் திரை வந்ததும் ஷிஃப்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். அங்கே பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால், பூட் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். காட்டினேன். பூட் கோப்புகளை நகலெடுக்க முடியவில்லை என்று முகத்தில் அடித்தது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே. பத்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. வியாழக்கிழமை ‘இரண்டும்’ என்று நான் மாற்றி வைத்ததால், பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு வரியாக வந்திருக்கிறது. ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. நான் வழக்கப்படி முதல் வரியைத் தட்டியிருக்கிறேன். யூஇஎஃப்ஐ வழியாக வந்தால் பிசிடிபூட்டும் அதற்கான பகுதியைத்தான் தேடும், இந்த டிஸ்க்கில் அது இல்லை. வியாழக்கிழமை தானியங்கிப் பழுதுபார்ப்பு கையை விரித்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அணைத்துவிட்டு இரண்டாவது வரி வழியாக வந்தேன். பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளையில் அவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். இங்கே இன்னொரு குழி இருக்கிறது: பென் டிரைவில் இருந்து வந்தால் டிரைவ் எழுத்துகள் இடம் மாறும். பென் டிரைவே ‘சி’ ஆகிவிட்டிருந்தது, விண்டோஸ் இருந்த பகுதி ‘டி’. கவனிக்காமல் சி என்று அடித்தால் பென் டிரைவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம். எஸ்எஸ்டியைத் தேர்ந்து, அதன் ஒரே பகுதியைத் தேர்ந்து, ஆக்டிவ் என்று ஒரு சொல். 00 என்பது 80 ஆனது. பிறகு பிசிடிபூட்டுக்கு மூன்றையும் பிட்டுப் பிட்டுச் சொன்னேன்: விண்டோஸ் டியில் இருக்கிறது, பூட் கோப்புகளையும் டியிலேயே எழுது, பயாஸ் முறையில் எழுது. இந்த முறை வெற்றி என்றது. முதல் 512 பைட் நிரலுக்காகப் பூட்செக்ட் கட்டளையையும் ஒரு தடவை ஓட்டிவிட்டேன்.

தனிக் குட்டிப் பகுதி உருவாக்காமல் விண்டோஸ் பகுதியிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டேன். லெகசி முறையில் இது தாராளமாக ஓடும். பிட்லாக்கர் போட்டு டிஸ்க்கைப் பூட்ட வேண்டுமென்றால்தான் தனிப் பகுதி தேவை. மாமா தகரப் பெட்டியையே பூட்டுவதில்லை.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு இமைத்தது, ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மூன்று இமைப்பில் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. வானவில் எழுத்துருவில் ‘செட்டில்மென்ட்’ திறந்தது, பிரிண்டர் ஒரு தாளைக் கக்கியது.

இப்போது வருகிற லேப்டாப்களில் பெரும்பாலும் லெகசியே கிடையாது, யூஇஎஃப்ஐதான். அங்கே 512 பைட் கதை இல்லை. டிஸ்க் ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டிருக்கும், நான்குக்குப் பதில் 128 பகுதிக்கு இடம், அட்டவணைக்கு டிஸ்க்கின் கடைசியில் ஒரு பிரதியும் உண்டு. ஃபேட்32 முறையில் ஒரு குட்டி ஈஎஃப்ஐ பகுதியும், அதற்குள் பூட் கோப்பும், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்திலும் இருக்கும். ஆனால் நான் செய்த தப்பை அங்கேயும் அதே சுளுவாகச் செய்யலாம். இரண்டு டிஸ்க்கும் இருக்கும்போது போட்டால், ஈஎஃப்ஐ பகுதி பழையதிலேயே தங்கிவிடும். நகல் எடுக்கிறவர்கள் சி டிரைவை மட்டும் எடுத்து அந்தக் குட்டிப் பகுதியை விட்டுவிடுவதும் உண்டு, விளைவு இதே கறுப்புத் திரை. மாமா லேப்டாப்பை யூஇஎஃப்ஐக்கு மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது, 2017-லிருந்து. ஆசையாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை மூன்று பத்திரம் இருப்பதை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது சர்வீஸ் கடை வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அந்தப் பையன் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளே போய், தப்பு என்னுடையதுதான், எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். “ஓ, பூட் பழைய டிஸ்க்ல விழுந்துடுச்சாண்ணே?” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த கீயைத் தட்டினான்.

திங்கட்கிழமை மத்தியானம் மாமா கூப்பிட்டார். மூன்று பத்திரமும் பதிந்தாகிவிட்டது. சிடி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அதை ஏன் கேக்குற. போட்டா சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது. ஒரே கீறல். அந்த ஆளு சொல்றாரு, பரவால்ல சார், அந்தப் பிளான் எம்புள்ள வாட்ஸ்அப்லயே இருக்குங்கறாரு.”